அத்தியாயம் 1: கிட்டார் ஆசை எங்கிருந்து வந்தது?

கிட்டார் கற்க வருகிறவர் பத்து வயதுப் பிள்ளையானாலும் ஓய்வு பெற்ற அதிகாரியானாலும், முதல் நாள் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த ஆசை உங்களுக்கு எப்படி வந்தது? சிலர் யோசிக்காமல் ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார்கள். சிலர் கல்லூரி விடுதியில் பக்கத்து அறையில் வாசித்த நண்பனைப் பற்றிச் சொல்வார்கள். சிலர் "சின்ன வயசுலேர்ந்தே ஆசை சார்" என்று நிறுத்திக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அதற்குள்ளும் ஒரு முகமோ மேடையோ இருப்பது தெரியவரும்.

எந்த வகை கிட்டார் வாங்குவது, எந்தப் பாடத்தில் தொடங்குவது, முதல் மாதம் எதை வாசிப்பது ஆகிய மூன்று முடிவுகளும் அந்தப் பதிலில்தான் இருக்கின்றன. பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுகிறார்கள். கடைக்குப் போய், விற்பனையாளர் எடுத்துக் காட்டுவதை வாங்குகிறார்கள். யூடியூபில் முதலில் கண்ணில் படும் பாடத்தைத் திறக்கிறார்கள். மூன்றாவது வாரம் விரல்நுனி எரிகிறது. கற்கிற பாடத்துக்கும் மனதில் இருந்த பாட்டுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிடுகிறது. முதன்முறையாகக் கிட்டார் வாங்குகிறவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கிட்டார் விற்கிற நிறுவனமே இப்படிச் சொல்லும்போது, கற்க வருகிறவர் அதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

விட்டுவிடுகிறவர்களில் பலருக்கு விரலிலோ காதிலோ குறை எதுவும் இல்லை. ஆசை ஒரு பக்கமும் பயிற்சி வேறு பக்கமுமாகப் போனதுதான் காரணம். இரண்டையும் ஒரே தடத்தில் கொண்டுவருவதே இந்த அத்தியாயத்தின் வேலை. கிட்டார் ஆசை பொதுவாக வரும் வழிகள் கீழே இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால், எது முதலில் வந்தது என்று பாருங்கள்.

ஒரு பாட்டு இழுத்து வந்திருந்தால்

தமிழ்நாட்டில் அதிகம் கேட்கக் கிடைக்கும் பதில் இதுதான். அந்தப் பதிலில் அடிக்கடி வரும் பெயர் 'இளைய நிலா'. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டு. அதன் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே கிட்டார் அந்தப் பாட்டைத் தொடங்கிவைத்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு புதிய மாணவர் அந்தத் தொடக்கத்தை வாயால் முனகிக் காட்டி "இது வரணும் சார்" என்று கேட்கிறார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த 'மூடுபனி' படத்தில், பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடும் 'என் இனிய பொன் நிலாவே' இன்னொரு தலைமுறையைக் கடைக்கு அனுப்பியது.

இந்தப் பாட்டுகளில் கிட்டார் இவ்வளவு முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. இளையராஜாவே கிட்டார் கலைஞர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1976இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமாவதற்கு முன் மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். கிட்டாரால் என்ன முடியும் என்பதைக் கையால் அறிந்தவர் எழுதிய இசை என்பதால், கேட்கிறவருக்கும் அந்தக் கருவியைக் கையில் எடுக்கத் தோன்றுகிறது.

உங்களையும் ஒரு பாட்டுதான் அழைத்து வந்தது என்றால், முதலில் அந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை, கிட்டார் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை, அது எந்த வேலையைச் செய்கிறது என்று கவனியுங்கள். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வருடித் தாளம் கொடுத்தால் அது ஸ்ட்ரம்மிங். கம்பிகளைத் தனித்தனியாக விரலால் எடுத்தால் பிளக்கிங். பாடகரைப் போலத் தனி ராகமாக ஒலித்தால் லீட். மூன்றாம் முறை, உங்களுக்குச் சிலிர்த்தது இந்த மூன்றில் எது என்று கண்டுபிடியுங்கள்.

இந்த விடை கிடைத்துவிட்டால் வழி தெளிவாகிவிடும். ஸ்ட்ரம்மிங் என்றால், உலோகக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரும் நான்கு கார்டுகளும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் அமைப்புகள்) போதும். முதல் மாதக் கடைசியில் பாட்டின் எளிய வடிவம் ஒன்று கைக்கு வரும். பிளக்கிங் என்றால், முதல் நாளிலிருந்தே வலது கைப் பெருவிரலைத் தடித்த மூன்று கம்பிகளுக்கும், ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை மெல்லிய மூன்று கம்பிகளுக்கும் பழக்க வேண்டும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் இதற்கு வசதி. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி கூடுதல், விரலுக்கும் மென்மை. லீட் என்றால் எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே தொடங்கலாம். "முதலில் அக்கூஸ்டிக், பிறகுதான் எலெக்ட்ரிக்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அப்படி ஒரு விதி கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் மெல்லியவை, அழுத்துவதும் எளிது.

'இளைய நிலா'வை முதல் மாதத்தில் வாசித்துவிட முடியாது. அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். ஆனால் அதே வகையான விரல் ஓட்டத்தை ஒரே ஒரு கார்டில், மெதுவான வேகத்தில், முதல் வாரமே வாசிக்க முடியும். அந்த ஓசை உங்கள் கையிலிருந்து வருவதைக் கேட்ட பிறகு காத்திருக்கும் பொறுமை தானாக வரும்.

ஒருவர் வாசிப்பதைப் பார்த்து வந்திருந்தால்

மாமா, அக்கா, விடுதி நண்பர், சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் அண்ணன் என்று பலருக்கும் ஒருவர் இருப்பார். நம் ஊரில் கிட்டார் கலைஞர்களை வளர்த்ததில் தேவாலயங்களின் பங்கு பெரியது. ஒவ்வொரு ஞாயிறும் கருவி வேண்டும், வாசிக்க ஆள் வேண்டும், தவறினாலும் பொறுத்துக்கொள்ளும் சபை இருக்கிறது. இது அமெரிக்காவுக்கும் பொருந்தும். ராக் இசைக்கு வழி போட்டவர்களில் ஒருவரான சிஸ்டர் ரொசெட்டா தார்ப், குழந்தைப் பருவத்தில் தேவாலயத்தில் வாசித்துத்தான் வளர்ந்தார்.

இந்த வகை ஆசைக்கு நான் அறிந்த மிக அழகான எடுத்துக்காட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ். அவருடைய தாத்தா கஸ் டுப்ரீ ஓர் இசைக் கலைஞர். அவர் வீட்டில் பியானோவுக்கு மேல் ஒரு கிட்டார் இருக்கும். சிறுவன் கீத்துக்குக் கை எட்டாது. எட்டும் வயது வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்பது தாத்தாவின் வாக்கு. அந்தக் கிட்டார் எப்போதும் அங்கேயே இருப்பதாகத்தான் கீத் பல காலம் நினைத்திருந்தார். பேரன் வரப்போகிறான் என்று தெரிந்தால் மட்டும் தாத்தா அதை எடுத்துத் துடைத்து அங்கே வைப்பாராம். இது கீத்துக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். கையில் கிடைத்ததும் தாத்தா பழகச் சொன்ன பாடம் 'மலகெனா' என்ற ஸ்பானியப் பாணி மெட்டு.

பிள்ளைகளுக்குக் கிட்டார் ஆர்வம் வர வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இதில் முழுப் பாடமே இருக்கிறது. கிட்டாரைப் பையில் மூடி வைக்காமல் கண்ணில் படும்படி ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். உங்களுக்கு இரண்டு கார்டுதான் தெரியும் என்றாலும் பிள்ளை இருக்கும்போது வாசியுங்கள். "பிராக்டிஸ் பண்ணினியா?" என்று தினமும் கேட்பதைவிட அது பலன் தரும்.

பார்த்து வந்தவருக்கு நேரில் கற்பதே பொருத்தம். உங்களை ஈர்த்தவர் இன்னும் பக்கத்தில் இருந்தால், அவரிடமே போய் முதல் இரண்டு கார்டுகளைக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார். ஜான் லெனனுக்கு முதலில் கார்டு காட்டியது அவருடைய தாய் ஜூலியா. அவருக்குத் தெரிந்தது பாஞ்சோ. எனவே லெனன் ஆரம்பத்தில் கிட்டாரிலும் பாஞ்சோ கார்டுகளையே வாசித்தார். 1957இல் பால் மெக்கார்ட்னியைச் சந்தித்த பிறகுதான் அதைத் திருத்திக்கொண்டார். முதல் குரு எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கையைத் தொட்டு விரலைச் சரியான இடத்தில் வைக்கிறவராக இருந்தால் போதும்.

மேடையோ திரையோ அழைத்திருந்தால்

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்காவின் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தது. பார்த்தவர்கள் ஏறத்தாழ 7.3 கோடிப் பேர். பின்னாளில் பெயர் பெற்ற அமெரிக்க கிட்டார் கலைஞர்களில் பலர் தங்கள் தொடக்கமாக அந்த இரவைச் சொல்கிறார்கள். டாம் பெட்டிக்கு அப்போது 13 வயது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தாங்களே ஒரு குழுவாக இப்படி வாசிக்கலாம் என்பது அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

நமக்கு அந்த வேலையைச் சினிமா செய்தது. 2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா ரயிலில் கிட்டாரோடு பாடிய காட்சியைப் பார்த்துவிட்டுக் கிட்டார் வாங்கியவர்கள் நம் கல்லூரிகளில் ஏராளம். இதைச் சொல்ல அவர்களில் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. "எனக்கும் அப்படி நிற்க வேண்டும்" என்ற ஆசையும் நேர்மையான ஆசைதான். அதை இசையாக மாற்றத் தெரிந்தால் போதும்.

இந்த வழியில் வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மேடை ஆசை வேகமாகப் பற்றும், வேகமாகத் தணியும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் அதே எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியைப் பார்த்து மயங்கிய சிறுவன் அவர். தாய் ஒரு கிட்டாரை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். கைகள் சிறியவை, கருவி பெரியது, பாடம் சலிப்பு. சில வாரங்களில் விட்டுவிட்டார். பீட்டில்ஸ் வந்த பிறகு, பதின்ம வயதில், 18 டாலருக்கு ஒரு மலிவான கிட்டாரை வாங்கி மறுபடி தொடங்கினார். இந்த முறை கை வளர்ந்திருந்தது, உடன் வாசிக்க நண்பர்கள் கிடைத்தார்கள், நிலைத்துவிட்டார்.

இதிலிருந்து இரண்டு வேலைகள். பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் அளவு பாருங்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுக்கு அரை அளவு, எட்டிலிருந்து பதினொன்றுக்கு முக்கால் அளவு, அதற்கு மேல் முழு அளவு என்பது பொதுவான கணக்கு. பெரியவர் என்றால், முதல் மாதத்திலேயே ஒரு சின்ன மேடையைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு மாடியில் நாலு நண்பர்கள் முன்னால் ஒரு பாட்டு, அலுவலக விழாவில் ஒருவர் பாட நீங்கள் ஸ்ட்ரம்மிங், எதுவானாலும் சரி. மேடைக்காக வந்த ஆசைக்கு மேடைதான் தீனி.

மேடை என்றதும் ஆண்களின் உருவமே மனதில் வரும் பழக்கமும் மாறிவருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிட்டார் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று ஃபெண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பெண் பிள்ளைக்கு வீணை அல்லது கீபோர்டுதான் சரிவரும் என்று தயங்கும் வீட்டார் இதை அறிந்துகொள்வது நல்லது.

"இது எனக்கும் வரும்" என்று தோன்றியிருந்தால்

சிலரை அழைத்து வருவது, வாசிப்பு எளிமையாகத் தெரிந்ததுதான். லானி டானகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' 1956இல் பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்றது. மலிவான கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பாஸ். ஸ்கிஃபில் என்ற அந்த இசைக்கு இவ்வளவு போதும். கார்டுகளோ இரண்டு மூன்றுதான். நாடெங்கும் பள்ளிப் பையன்கள் குழு அமைத்தார்கள். அவற்றில் ஒன்று லெனனின் குவாரிமென். அதுதான் பிறகு பீட்டில்ஸ் ஆனது.

ஈ, ஏ, பி செவன் என்ற மூன்று கார்டு இருந்தால் அந்த வகைப் பாட்டுகளில் பெரும்பகுதியை ஈ ஸ்கேலில் வாசித்துவிடலாம். இளம் பால் மெக்கார்ட்னிக்கு முதல் இரண்டும் தெரியும், மூன்றாவது தெரியாது. லிவர்பூல் நகரின் இன்னொரு மூலையில் ஒருவருக்குப் பி செவன் தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்று வந்ததை அவர் பல முறை சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கார்டுக்கு ஒரு பஸ் பயணம். இன்று அதே கார்டு கைபேசியில் நொடியில் கிடைக்கிறது. அதற்காக அதைச் சுலபம் என்று எண்ண வேண்டாம். நான்கு விரலும் வேலை செய்ய வேண்டிய கார்டு அது. ஆறாவது கம்பியைத் தொடக் கூடாது, இரண்டாவது கம்பி திறந்தபடி ஒலிக்க வேண்டும்.

நீங்கள் இந்த வழியில் வந்தவரானால், மூன்று கார்டு பாட்டுகளாகப் பத்தைப் பட்டியல் போடுங்கள். கடினமான ஒன்றில் ஆறு மாதம் முட்டிக்கொள்வதைவிட, எளிய பத்தை முழுதாக வாசிப்பது உங்களை வேகமாக வளர்க்கும்.

பாட்டுக்குத் துணை தேடி வந்திருந்தால்

நன்றாகப் பாடுகிறவர்கள் பலர் கரோக்கியில் சலித்துக் கிட்டாருக்கு வருகிறார்கள். இவர்களுக்கு முதல் நாளே ஒரு கேபோ வாங்கச் சொல்வேன். கிட்டாரின் கழுத்தில் கவ்வும் சின்னக் கிளிப் அது. அதை ஒரு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே நகர்த்தினால் சுருதி அரைச் சுரம் ஏறும். தெரிந்த நான்கு கார்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியைப் பிடிக்கலாம். லீட், ஸ்கேல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வலது கை தாளம் தவறாமல் ஓடும்போது வாய் பாட வேண்டும். உங்கள் உண்மையான பாடம் அதுதான். முதலில் பாடாமல் வாசியுங்கள், அடுத்து முனகுங்கள், அதன் பிறகு சொற்களோடு பாடுங்கள்.

வீட்டில் கிடந்த கிட்டார் கண்ணில் பட்டிருந்தால்

லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், சிறுவனாக எப்சம் என்ற ஊரில் புது வீட்டுக்குக் குடிபோனபோது, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கிட்டார் அங்கே கிடந்தது. அவருடைய வாழ்க்கை அங்கிருந்து தொடங்கியது. நம் வீடுகளிலும் அண்ணன் விட்டுப்போனதோ அத்தை வாசித்ததோ ஒன்று பரணில் இருக்கலாம். ஆனால் பழைய கிட்டாரை அப்படியே எடுத்து வாசிக்கத் தொடங்கக் கூடாது. நான்கைந்து ஆண்டு சும்மா கிடந்த கருவி, கற்கிறவரின் உற்சாகத்தை ஒரே வாரத்தில் கொன்றுவிடும்.

முதலில் பழைய கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு புதியவை போடுங்கள். நம் கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்காது. அக்கூஸ்டிக் என்றால் 10 கேஜ் கம்பி கேளுங்கள். விரலுக்கு இதமாக இருக்கும். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ரிப்பேர் கடையில் கொடுத்து "ஆக்ஷன் குறைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். கம்பிகளின் அடிமுனை பொருந்தும் பிரிட்ஜ் உடலிலிருந்து பெயர்ந்திருந்தாலோ கழுத்து முறுக்கியிருந்தாலோ, செலவு செய்யாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

நம் சங்கீதத்திலிருந்து வந்திருந்தால்

கர்னாடக சங்கீதம் கற்றவர்கள் கிட்டாரில் கமகம் வருமா என்று கேட்கிறார்கள். வரும் என்பதற்குக் கிட்டார் பிரசன்னா இருக்கிறார். சென்னை ஐஐடியில் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற அவர், கீர்த்தனைகளை எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கச்சேரியாகவே வாசிக்கிறார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைப்பது, ஒரு ஃப்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிச் செல்வது ஆகிய இரண்டும்தான் இங்கே கமகத்துக்கு வழி. உங்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. கார்டுகளில் தொடங்காமல், ஒரே கம்பியில் மாயாமாளவகௌளை வரிசையை வாசித்துத் தொடங்குங்கள். தெரிந்த பாடம் தெரியாத கருவியைப் பழக்கிக் கொடுக்கும்.

வயதோ கையோ தடை என்று தயங்கினால்

எலிசபெத் காட்டன் 1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர். வலது கைக் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து, பெருவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் பாஸையும் வாசித்துத் தனக்கென ஒரு பாணியையே உருவாக்கினார். குடும்பம், வேலை என்று வந்ததும் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு இசைக் கலைஞர்களான சீகர் குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிட்டார் அவரை மறுபடி அழைத்தது. முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது அவருக்கு 65 வயது. தொண்ணூறைக் கடந்த பிறகு கிராமி விருது பெற்றார். "இந்த வயசுல எதுக்கு" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கையைப் பற்றிய தயக்கத்துக்கும் மறுமொழி உண்டு. ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. இடது கை பலவீனமானது. வழக்கமான கார்டுகள் கடினமாக இருந்ததால் கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டு வாசித்தார். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பிற்பாடு சுருதியையும் இறக்கிக்கொண்டார். மூட்டு வலியோ பழைய காயமோ இருந்தால் நீங்களும் இதையே செய்யலாம்: மெல்லிய கம்பி, அரைச் சுரம் இறக்கிய சுருதி. அரைச் சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை கண்கூடாகக் குறையும்.

ஆசை தளரும் மூன்று இடங்கள்

எந்த வழியில் வந்தவரானாலும் முதல் மூன்று மாதத்தில் மூன்று சுவர்கள் வரும். முன்பே தெரிந்திருந்தால் மோதிக்கொள்ள மாட்டீர்கள்.

விரல் வலி: முதல் இரண்டு வாரம் கட்டாயம் இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் விரல்நுனித் தோல் தடித்துவிடும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராமல் காலை பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் என்று பிரியுங்கள். நனைந்த கையோடு வாசிக்க வேண்டாம்.

கார்டு மாற்றம்: தனித்தனியாக நன்றாக ஒலிக்கும் இரண்டு கார்டுகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது தடுமாறும். ஒரு நிமிடம் அலாரம் வைத்து, எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். நிமிடத்துக்கு முப்பது வந்துவிட்டால் பாட்டில் பயன்படுத்தலாம்.

எஃப் கார்டு: ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு. பலர் கிட்டாரைக் கீழே வைப்பது இங்கேதான். முதல் இரண்டு மாதம் இதைத் தவிர்த்துவிடுங்கள். மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் வாசிக்கும் சிறிய எஃப் போதும். கை பலப்பட்ட பிறகு முழு வடிவத்துக்குப் போகலாம்.

முதல் 30 நாள்

தினமும் 20 நிமிடம். கிட்டார் கண்ணில் படும் இடத்தில். கைபேசி அடுத்த அறையில்.

முதல் வாரம்: சுருதி சேர்த்தலும் ஒரே ஒரு கார்டும். கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ட்யூனர் செயலி போதும். கார்டு, ஈ மைனர்: ஐந்தாவது, நான்காவது கம்பிகளில் இரண்டாவது ஃப்ரெட், நடுவிரலும் மோதிர விரலும். விரலை ஃப்ரெட்டின் உலோகக் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால் வையுங்கள். நகம் குட்டையாக இருக்கட்டும். விரல் வளைந்து நுனியால் அழுத்தட்டும். இப்போது ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். ஏதாவது ஒன்று 'பட்' என்று மங்கினால் பக்கத்து விரல் அதன் மேல் படுகிறது. 'ஸ்ர்ர்' என்று அதிர்ந்தால் விரல் ஃப்ரெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஒரு நெல்மணி அகலம் நகர்த்துங்கள். ஆறும் தெளிவாக ஒலித்து, மேலிருந்து கீழாக ஒரே வருடலில் முழங்கும்போது மரம் உங்கள் மார்பில் அதிர்வது தெரியும். யாரிடமோ கேட்ட ஓசை இப்போது உங்கள் கையிலிருந்து வருகிறது.

இரண்டாம் வாரம்: ஈ மேஜரும் ஏ மைனரும். ஈ மேஜருக்கு ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியில் முதல் ஃப்ரெட். நடுவிரல் ஐந்தாவது கம்பியிலும், மோதிர விரல் நான்காவது கம்பியிலும் இரண்டாவது ஃப்ரெட். விரல் அமைப்பைக் கலைக்காமல் மூன்றையும் ஒரு கம்பி கீழே, மெல்லிய பக்கம் நகர்த்துங்கள். அதுவே ஏ மைனர். ஒரே வடிவத்தில் இரண்டு கார்டு; மாற்றம் பழக இதைவிட நல்ல ஜோடி இல்லை.

மூன்றாம் வாரம்: ஜி, சி, டி. கூடவே ஒரு ஸ்ட்ரம்மிங்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள். பிளக்கிங்குக்காக வந்தவர் இந்த வாரம் கார்டைக் குறைத்து, பெருவிரல் ஓட்டத்தைக் கூட்டலாம்.

நான்காம் வாரம்: உங்களை அழைத்து வந்த பாட்டுக்கு அதன் எளிய வடிவத்தில் திரும்புங்கள். பல்லவி மட்டும் போதும். யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து உடன் வாசியுங்கள். முப்பதாவது நாள் அதைக் கைபேசியில் பதிவு செய்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் எழுத வேண்டியவை

ஒரு தாளை எடுத்துக் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

1. கிட்டார் கற்க வேண்டும் என்று முதலில் தோன்றிய தருணம் எது? பாட்டா, ஆளா, மேடையா, வீட்டில் கிடந்த கருவியா?

2. அதில் என்னை ஈர்த்த ஓசை எது? ஸ்ட்ரம்மிங்கா, பிளக்கிங்கா, லீடா?

3. ஓராண்டு கழித்து நான் யார் முன்னால் வாசிக்க விரும்புகிறேன்? எனக்காக மட்டுமா, குடும்பத்துக்கா, மேடைக்கா?

4. தினமும் எந்த 20 நிமிடம் எனக்குச் சொந்தமானது?

5. முப்பதாவது நாள் நான் வாசிக்கப்போகும் பல்லவி எது?

இந்த ஐந்து வரிகளை விற்பனையாளரிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள். நல்ல விற்பனையாளர் இரண்டாவது பதிலைப் பார்த்ததும் எந்த வகைக் கிட்டாரை எடுத்துத் தர வேண்டும் என்று புரிந்துகொள்வார். நல்ல ஆசிரியர் ஐந்தாவதைப் பார்த்ததும் முதல் மாதப் பாடத்தை வகுத்துவிடுவார். உங்கள் பதிலைக் கேட்காமலேயே கருவியைத் திணிக்கிற கடையையும், எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்துகிற வகுப்பையும் விட்டு விலகுங்கள். உங்கள் ஆசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குத்தான் நீங்கள் பணமும் நேரமும் கொடுக்கப்போகிறீர்கள். தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அத்தியாயத்தில் கடைக்குப் போகிறோம்.